கூகுள் வருது, பேங்க் சைட் மட்டும் வரல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கடலூர், மீதிப் பேர் புதுச்சேரி. வாரத்துக்கு நாலு பேராவது போன் செய்து ஒரே புகாரைச் சொல்வார்கள்: "அண்ணே, நெட்டு இருக்கு, யூடியூப் ஓடுது. இந்த ஒரு சைட்டு மட்டும் சுத்திக்கிட்டே இருக்குண்ணே." அவர்களிடம் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். கைப்பேசியை எடுங்கள்.

வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால் பெரும்பாலும் தளமே படுத்திருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் ரிசல்ட் தளம் திறக்கவில்லை என்று ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. டீ குடித்துவிட்டு வாருங்கள்.

மொபைல் டேட்டாவில் வருகிறதா? சரி, இப்போது அதே கைப்பேசியை வீட்டு வைஃபையில் சேர்த்துப் பாருங்கள். அதிலும் வந்தால் கோளாறு கம்ப்யூட்டருக்குள். வைஃபையில் வராமல் டேட்டாவில் மட்டும் வந்தால் கோளாறு ரவுட்டரிலோ, நெட் கொடுப்பவரிடமோ. சந்தேகம் இருந்தால் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, கம்ப்யூட்டரை அதில் சேருங்கள். அப்போது தளம் திறந்தால் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. எல்லாம் சேர்த்து நாலு நிமிஷ வேலை. இதைச் செய்துவிட்டு என்னைக் கூப்பிடுபவர்களிடம் பாதிப் பணம்தான் வாங்குகிறேன், ஏனென்றால் பாதி வேலை முடிந்துவிட்டது.

மற்றதெல்லாம் வருகிறதே, ஒன்று மட்டும் எப்படி வராமல் போகும்?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஓடுகிறது என்பதை வைத்து விருத்தாசலம் பஸ்ஸும் ஓடும் என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். நீங்கள் ஒரு பெயரை அடித்ததும் நாலு காரியம் வரிசையாக நடக்கிறது. அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடிப் பிடிப்பது ஒன்று. இதைத்தான் டிஎன்எஸ் என்கிறார்கள். அந்த முகவரி வரை போய்ச் சேர்வது இரண்டு. எதிரில் இருப்பது அசல் தளம்தானா என்று சான்றிதழைச் சரிபார்ப்பது மூன்று. பக்கத்தை இறக்கி வரைவது நான்கு. ஒவ்வொரு தளத்துக்கும் இந்த நாலும் தனித்தனியாக நடப்பதால், ஒரு தளத்துக்கு மட்டும் ஏதோ ஒரு படியில் இடறலாம்.

திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வருகிறது. அது முக்கியமா?

அதுதான் முக்கியம். எல்லோரும் அதைப் படிக்காமல் மூடிவிட்டு, "ஏதோ எரர் வந்துச்சு" என்கிறார்கள். வாசகத்தில் டிஎன்எஸ் அல்லது என்எக்ஸ்டொமைன் என்று இருந்தால் முதல் படியில் சிக்கல், எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம். டைம்டு அவுட் என்றால் முகவரி கிடைத்துவிட்டது, எதிர்ப்பக்கம் பதிலில்லை. கனெக்‌ஷன் ரீசெட் என்றால் பேச ஆரம்பித்ததும் யாரோ நடுவில் துண்டித்திருக்கிறார்கள். சர்ட் என்ற சொல் வந்தால் சான்றிதழ். பிராக்ஸி (இடையில் நின்று பக்கத்தை வாங்கித் தரும் சர்வர்) என்று வந்தால் உங்கள் கம்ப்யூட்டரின் அமைப்பிலேயே ஏதோ மாறியிருக்கிறது. 500, 502, 503 என்று எண்கள் வந்தால் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், கோளாறு அவர்கள் வீட்டில்.

டிஎன்எஸ்ஸை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்கிறார்களே?

எல்லாம் சரியாகாது. பெயரிலிருந்து எண் கிடைக்காத கோளாறு மட்டும் சரியாகும். ஆனால் அந்தக் கோளாறே அடிக்கடி வருவதால் இந்த மருந்துக்கு நல்ல பெயர்.

முதலில் பழைய பதிவுகளைக் கழுவிப் பாருங்கள். தளம் வேறு சர்வருக்கு மாறியிருக்கும், உங்கள் கம்ப்யூட்டர் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். கமாண்ட் பிராம்ட்டை (கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்) திறந்து ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, உடனே சேர்த்து ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான்.

அதில் தீரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை மாற்றலாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை அல்லது ஈதர்நெட், ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ் என்று போனால் டிஎன்எஸ் சர்வர் அசைன்மெண்ட் இருக்கும். எடிட் அழுத்தி, மேனுவல் ஆக்கி, ஐபிவி4 வரியில் 8.8.8.8 என்றும் மாற்றாக 1.1.1.1 என்றும் போடுங்கள். முன்னது கூகுளுடையது, 2009இலிருந்து இருக்கிறது. பின்னது, பல தளங்களுக்கு முன்னால் நின்று வேகமும் பாதுகாப்பும் தரும் கம்பெனியான கிளவுட்ஃப்ளேர் 2018 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தேதியைப் பார்த்து முட்டாள்தின விளையாட்டு என்று நினைத்தவர்களும் உண்டு.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம்: உங்கள் இணைப்பில் ஐபிவி6 (எண் முகவரியின் புது வகை, ஐபிவி4 பழைய வகை) இருந்தால், அதற்கென்று தனி டிஎன்எஸ் இருக்கும். ஐபிவி4இல் மட்டும் மாற்றினால் கம்ப்யூட்டர் பழையதையே கேட்டுக்கொண்டிருக்கலாம். "மாத்தியும் ஒண்ணும் நடக்கல சார்" என்பவர்கள் அந்த வரியையும் பாருங்கள்.

நீங்கள் மாற்றாமலே அங்கே புரியாத எண் ஏதாவது உட்கார்ந்திருந்தால் உஷார். டிஎன்எஸ்சேஞ்சர் என்று ஒரு வைரஸ் இருந்தது. அது கம்ப்யூட்டரின் டிஎன்எஸ்ஸைத் திருடர்களின் சர்வருக்குத் திருப்பிவிடும். 2011 நவம்பரில் ஆட்களைப் பிடித்தார்கள். சர்வர்களை உடனே அணைத்தால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் நெட் போய்விடும் என்பதால், மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓடவிட்டு அப்புறம்தான் நிறுத்தினார்கள். அதே தந்திரத்தை இன்றும் ரவுட்டரில் செய்கிறார்கள். ரவுட்டரின் பாஸ்வேர்டு இன்னும் அட்மின் என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

"யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்" என்று வருகிறது. யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

முதலில் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள்.

முத்தியால்பேட்டையில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வீடு. போன நவம்பரில் கூப்பிட்டார். "தம்பி, பேப்பர் படிக்கிற சைட் ஒண்ணு வருது, ஒண்ணு வரல. பேங்க் சுத்தமா வரல. திருடன் எவனாவது உள்ள பூந்துட்டானா?" போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் மே 11. அன்றைக்கு நவம்பர் 5.

நடந்தது இதுதான். மதர்போர்டில் ரூபாய்க் காசு போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துப் போயிருந்தது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பேரன் பயாஸ் திரையில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) தேதியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அங்கே மாதம்தான் முதலில் வரும். பையன் நம் வழக்கப்படி 5ஐ முதலில் போட்டு, 11ஐ அடுத்து போட்டுவிட்டான். நவம்பர் 5 மே 11 ஆகிவிட்டது.

தளத்தின் சான்றிதழில் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். இப்போது பல தளங்கள் 90 நாள் சான்றிதழ்தான் வைத்திருக்கின்றன. ஆகஸ்ட்டிலோ செப்டம்பரிலோ வாங்கிய சான்றிதழை மே மாதக் கம்ப்யூட்டர் பார்த்தால், இது இன்னும் பிறக்கவே இல்லையே என்று மறுத்துவிடும். மே மாதத்துக்கு முன்பே ஒரு வருஷத்துக்கு வாங்கி வைத்திருந்த தளங்கள் மட்டும் திறந்தன. அதனால்தான் ஒன்று வந்தது, ஒன்று வரவில்லை. விண்டோஸ் தானாகத் திருத்தாதா என்றால், வழக்கமான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது கை வைக்காது.

பேட்டரியை மாற்றினேன், தேதியைச் சரிசெய்தேன், அத்தனையும் திறந்தது. அம்மா காபி கொடுத்தார். பேரனைத் திட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தப்பு அமெரிக்கத் தேதி வழக்கத்துடையது.

தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு தளத்தில் மட்டும் இந்த எச்சரிக்கை வந்தால், சான்றிதழைப் புதுப்பிக்க அவர்கள் மறந்திருக்கலாம். "அட்வான்ஸ்டு" என்பதை அழுத்தி உள்ளே போக வழி இருக்கும். செய்தித்தளம் என்றால் உங்கள் இஷ்டம். பேங்க் என்றால் போகவே போகாதீர்கள்.

என்னுடையது பழைய விண்டோஸ் 7. அதனால் வராமல் போகுமா?

போகும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் கை கழுவிவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம் 109ஆம் பதிப்பு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு முன்பு சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களுக்குச் சாட்சி சொல்வது) ஒன்று 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானது. அப்டேட்டே பார்க்காத பழைய இயந்திரங்களில் அன்றிலிருந்து நிறைய தளங்கள் அடைபட்டன. எதையும் மாற்றவில்லையே, திடீரென்று ஏன் என்று அப்போது கடையில் கூட்டம்.

அவசரத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே வைத்திருக்கும், விண்டோஸை நம்பி இருக்காது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் பணப் பரிமாற்றம் வேண்டாம்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல் என்கிறார்களே, அது என்ன?

டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் விண்டோஸ் புரட்டிப் பார்க்கும் சொந்தக் குறிப்பேடு. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே உள்ளே போனால் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இருக்கும், பின்னொட்டு எதுவும் இருக்காது. நெல்லிக்குப்பத்துக் கல்லூரி மாணவன் ஒருவன் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். போட்டோ எடிட் செய்யும் மென்பொருள் ஒன்றின் கம்பெனித் தளம் மட்டும் திறக்கவில்லை, படிப்புக்காகக் காசு கட்டி வாங்கலாம் என்றால் பக்கமே வரவில்லை. ஹோஸ்ட்ஸைத் திறந்தால் அந்தக் கம்பெனியின் பெயர்கள் இருபது வரிக்கு மேல், ஒவ்வொன்றின் முன்னாலும் 127.0.0.1. அது உங்கள் கம்ப்யூட்டர் தன்னையே குறிக்கும் எண். முன்னால் போட்ட திருட்டு வெர்ஷன், கம்பெனியோடு பேசிவிடக் கூடாது என்று எழுதி வைத்த வரிகள். பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நோட்பேடை ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறந்தால்தான் அந்த ஃபைலைச் சேமிக்க முடியும். # குறியில் தொடங்கும் வரிகள் வெறும் விளக்கம், விட்டுவிடுங்கள். தெரியாத வரி இருந்தால் அதன் முன்னாலும் ஒரு # போட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் திரும்ப எடுத்துவிடலாம்.

ஒரு பிரவுசரில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை?

இது சுலபம். இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே வந்தால் அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் அழியுங்கள், அல்லது விளம்பரத் தடுப்பான் போன்ற எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மொத்த ஹிஸ்டரியையும் அழிக்க வேண்டியதில்லை, சேமித்த பாஸ்வேர்டையும் சேர்த்து அழித்துவிட்டு அப்புறம் என்னிடம் அழாதீர்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாகப் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் பிராக்ஸி பக்கத்தில் நீங்கள் போடாத முகவரி இருந்தால் அணையுங்கள்.

புது ரவுட்டர் வாங்கினேன். யூடியூப் பறக்கிறது, பேங்க் தளமும் சில அரசுத் தளங்களும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ரவுட்டர் டூப்ளிகேட்டா?

ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கும். எனக்குப் பிடித்த கோளாறு இது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இணையத்தில் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட். இதற்கு எம்டியூ என்று பெயர். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ வகை இணைப்பில், ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் அந்த இணைப்பே எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492. ரவுட்டரில் 1500 என்றே இருந்தால், எதிர்ப்பக்கத்து சர்வர் 1500க்குக் கட்டி அனுப்பும். வாசல் சின்னது, பீரோ பெரியது. நடுவில் உள்ள கருவி, "பெரிசா இருக்கு, சின்னதா அனுப்பு" என்று சர்வருக்குத் தகவல் சொல்லும். பாதுகாப்புக்காக என்று சில இடங்களில் அந்தத் தகவலையே ஃபயர்வாலில் தடுத்து வைத்திருப்பார்கள். சர்வருக்கு விஷயம் தெரியாது, அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அது திரும்பத் திரும்பத் தொலையும்.

சின்னப் பொட்டலங்கள் தாராளமாகப் போகும். அதனால் பெயர் கிடைக்கும், பிங் (எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று கேட்கும் சின்னச் சோதனை) அடித்தால் பதில் வரும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். சர்வர் முதன்முதலில் அனுப்பும் பெரிய சரக்கு அதன் சான்றிதழ். அங்கேதான் நிற்கும். யூடியூப் தப்பிப்பது எப்படி என்றால், கூகுள் தளங்கள் குரோமோடு பேசும் க்விக் என்ற முறையில் பொட்டலங்களை முதலிலேயே சிறிதாகக் கட்டுவார்கள்.

சோதிக்க, கமாண்ட் பிராம்ட்டில் பிங், மைனஸ் எஃப், மைனஸ் எல், 1472, அப்புறம் 1.1.1.1 என்று இடைவெளி விட்டு அடியுங்கள். 1472 உடன், பொட்டலத்தின் மேல் முகவரி போன்ற விவரம் எழுதும் தலைப்புக்கான 28 பைட் சேர்ந்தால் 1500. பதில் வராவிட்டால் 1464 போட்டுப் பாருங்கள். அது போனால் உங்கள் எல்லை 1492. ரவுட்டர் பக்கத்துக்குள் போய் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) வேன் (வெளி இணைப்பு) பகுதியில் எம்டியூவை 1492 ஆக்குங்கள். எம்எஸ்எஸ் (தலைப்புகள் போக மிஞ்சும் சரக்கின் அளவு) கேட்டால் 1452.

லாஸ்பேட்டையில் ஒருவர் இதற்காகவே இரண்டு ரவுட்டர் மாற்றிவிட்டு, மூன்றாவதற்கு ஆர்டர் போடும்போது கூப்பிட்டார். எண்ணைத் திருத்த ஒரு நிமிஷம் ஆனது. "இவ்ளோதானா சார்?" என்றார். இவ்வளவுதான்.

அரசாங்கம் தடுத்திருந்தால் எப்படித் தெரியும்?

சில நேரம் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி தடுக்கப்பட்டது என்று பக்கமே வரும். சில நேரம் ஒன்றும் வராது, ரீசெட் அல்லது டைம்டு அவுட் மட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 69ஏ பிரிவில் அரசு தடுக்கலாம். பதிப்புரிமை வழக்குகளில் நீதிமன்றமும் உத்தரவிடலாம். ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் தடுப்பதால் ஒரு கம்பெனி நெட்டில் வராதது இன்னொன்றில் வரும்.

இதில் அப்பாவிகளும் மாட்டுவதுண்டு. 2017 ஆகஸ்ட்டில் திருட்டுப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவில், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து அடைபட்டது. எல்லோர் வீட்டிலும் இருக்கும் விஎல்சி பிளேயரின் தளம் 2022இல் பல மாதங்கள் இந்தியாவில் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில் அதைத் தேடிப் போய் வேறு எங்கிருந்தோ வைரஸோடு இறக்கி வைத்தவர்களின் கம்ப்யூட்டர்களை நான் கழுவியிருக்கிறேன். நாமே சரிசெய்கிற விஷயமல்ல இது.

மகள் பாரிஸில் இருக்கிறாள். அவளுக்கு நம் ஊர் அரசுத் தளம் வரவில்லை, எனக்கு பிரான்ஸ் டிவி வீடியோ ஓடவில்லை. ஏன்?

புதுச்சேரிக்கே உரிய கேள்வி, மாதம் ஒருமுறையாவது வந்துவிடும். எண் முகவரியை வைத்து எந்த நாடு என்று தளங்கள் கண்டுபிடிக்கின்றன. நம் அரசுத் தளங்களில் சில, வெளிநாட்டு முகவரிகளை உள்ளேயே விடுவதில்லை. பிரெஞ்சுத் தொலைக்காட்சித் தளம் திறக்கும், ஆனால் நிகழ்ச்சி உரிமை அந்த நாட்டுக்கு மட்டும் என்பதால் பல வீடியோக்கள் ஓடாது. இரண்டு பக்கமும் கம்ப்யூட்டரில் குறையில்லை. மகளின் பட்டா வேலையை நீங்களே இங்கிருந்து பார்த்துக் கொடுங்கள்.

இதன் மறுபக்கம்: உங்கள் கம்ப்யூட்டரில், வேறு நாட்டு சர்வர் வழியாக நெட்டைச் சுற்றிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நீங்களும் வெளிநாட்டுக்காரர்தான். அணைத்துவிட்டு முயலுங்கள்.

சம்பந்தமே இல்லாத நாலைந்து தளங்கள் ஒரே நேரத்தில் வரவில்லையே?

அவை எல்லாம் ஒரே கடையில் குடியிருக்கும். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேரில் கோளாறு வந்தபோது எக்ஸ், சாட்ஜிபிடி என்று பலதும் ஒன்றாக விழுந்தன. 2021 அக்டோபர் 4இல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போனது நினைவிருக்கும். அன்று இரவு நிறைய பேர் ரவுட்டர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார்கள்.

"நீங்கள் மனிதர்தானா" என்று அடிக்கடி கேட்கிறதே?

பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். தெருவில் யாரோ செய்த சேட்டைக்கு உங்களையும் சேர்த்துத் தளம் சந்தேகிக்கிறது. ரவுட்டரை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் போட்டால் வேறு முகவரி கிடைக்கலாம்.

ஃபார்மட் அடித்துவிடட்டுமா?

வேண்டாம். இத்தனை வருஷத்தில் ஒரு தளம் வரவில்லை என்பதற்காக நான் ஃபார்மட் அடித்தது இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் ரீசெட் என்று ஒன்று இருக்கிறது; மனசு கேட்காவிட்டால் அதைச் செய்யுங்கள். வைஃபை பாஸ்வேர்டை மட்டும் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றே சொல்கிறார்கள்?

"நெட் ஸ்லோ" என்று சொன்னால் அப்படித்தான் சொல்வார்கள். "இந்தத் தளம், இத்தனை மணி முதல் வரவில்லை, மொபைல் டேட்டாவில் வருகிறது, உங்கள் வைஃபையில் கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் வரவில்லை, டிஎன்எஸ் மாற்றியும் பார்த்தேன்" என்று சொல்லுங்கள். ஆள் மாற்றி விவரம் தெரிந்தவரிடம் கொடுப்பார்கள். கமாண்ட் பிராம்ட்டில் டிரேஸர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்தத் தளத்தின் பெயரைப் போட்டால், வழியில் உள்ள கருவிகள் வரிசையாக வரும். வரிசை எங்கே நட்சத்திரக் குறியாக மாறுகிறதோ அதுவரை போட்டோ எடுத்து அனுப்புங்கள். எடுக்கும்போது மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்து, ஃபேன் காற்றில் கை ஆடாமல் எடுங்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் பாதியில் ட்யூப்லைட்தான் தெளிவாகத் தெரிகிறது.